ப்ளீச்சிங் பவுடரும் பழம்புளியும்

என் சமையலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பூனை வந்து பாலைக் குடித்துவிட்டுப் போனாலும் போகட்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு தடவையாவது கேட்டுவிடுவார்கள், தச்சரை அனுப்பட்டுமா என்று. வேண்டாம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். காரணம் சொல்ல ஆரம்பித்தால் வந்தவர்கள் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். எழுதுவதில் அந்தத் தொந்தரவு இல்லை.

நான் வாழ்க்கைப்பட்டது திருத்தணியில், மலைக் கோயிலுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கிற ஒரு வீட்டில். அப்போது எங்கள் ஊர் ஆந்திரத்தோடு இருந்தது. ஊரைத் திருப்பிக் கொடு என்று சுவரெல்லாம் தமிழில் எழுதியிருக்கும், ஆபீசுக்குப் போனால் தெலுங்கில் பேசுவார்கள். எங்களுக்கு அதில் கஷ்டமில்லை. வீட்டிலேயே பாதி தெலுங்குதான். மாமனாரை அவர் மகன்கள் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். மூத்த மகனுக்கு மலைமேல் மடைப்பள்ளியில் வேலை. இளையவர் என் கணவர். கல்யாணம் காட்சிக்குச் சமைக்கப் போவார். வீட்டு அடுப்பு மூத்தவர் மனைவிக்கும் எனக்கும்.

அவளை நான் அக்கா என்பேன். ஓரகத்திகள் இருவரும் சண்டை போட்டால்தான் தெருவுக்குப் பொழுது போகும். எங்களால் தெருவுக்குப் பெரிய நஷ்டம். அவள் குரல் பெரிய குரல். கிணற்றடியில் நின்று என்னைக் கூப்பிட்டால் மலைப் படியில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். மெதுவாகப் பேசும்மா என்று மாமனார் சொல்லாத நாள் இல்லை. பேசுவாள், அரை நிமிஷம்.

ஆடிக் கிருத்திகை சமயத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு முறை உண்டு. ஒருநாள் நைவேத்தியம் எங்கள் வீட்டிலிருந்து மலைக்குப் போகும்: சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும். வீட்டு ஆண்கள் எல்லாரும் சமையல்காரர்களாக இருந்தும் இந்த ஒன்றை மட்டும் பெண்கள்தான் செய்ய வேண்டும். எந்தக் காலத்திலோ இந்த வீட்டு மருமகள் ஒருத்தி வேண்டிக்கொண்டாளாம். அவள் பாட்டுக்கு வேண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அதற்கு ஆசாரம் கடுமை. பாத்திரம் தேய்ப்பதிலிருந்தே மடி தொடங்கிவிடும். தலைக்குக் குளித்து, யாரும் தொடாமல் உலர்த்திய மடிப்புடவையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனால் கதவைத் தாழ் போட்டுவிட வேண்டும். கண் படக்கூடாது என்று ஜன்னலைப் பலகையால் மூடிவிடுவார்கள். மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சாமிக்கு முன்னால் நாம் வாசனை பிடித்துவிடக் கூடாது. மூக்கால் சாப்பிடுவதும் சாப்பிடுவதுதான் என்பார் மாமனார். வருஷக்கணக்காக இப்படிப் பழகி, எந்த வாசனை வந்தாலும் அதைக் கவனிக்காமல் வேலையைப் பார்க்கத் தெரிந்தவள் அக்கா. நல்ல மருமகள் என்று பெயர் வாங்கியதே அதனால்தான்.

ஆடி வந்தால் காவடி வரும், காவடியோடு கூட்டம் வரும், கூட்டத்தோடு காலரா பயமும் வரும். ஒவ்வொரு வருஷமும் சுகாதார ஆட்கள் குளத்திலும் கிணற்றிலும் ப்ளீச்சிங் பவுடர் போடுவார்கள். அந்த வருஷம் வீட்டுக்கு ஒரு பொட்டலம் கொடுப்பதாக ஏற்பாடு. கொடுப்பதற்கு முன்னால் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு இளவயது ஆபீசர் வந்தார். தெருவிலேயே பெரிய கூடம் எங்களுடையது, அதனால் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. ஆண்கள் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அக்காவும் நானும் உள்ளே காபி கலந்துகொண்டிருந்தோம். ஊதுகுழல் சத்தத்திலும் டம்ளர் சத்தத்திலும் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. நடுவில் ஒரு தடவை பேச்சு நின்றது. பெண்களையும் கூப்பிடுங்கள், இதையெல்லாம் புழங்கப்போகிறவர்கள் அவர்கள்தானே என்று அவர் கேட்டாராம். அவங்களுக்கு நாங்க சொல்லிக்கிறோம் என்று மாமனார் பதில் சொன்னாராம். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. போகும்போது அந்த ஆபீசர் சமையலறைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். காபிக்காக என்று நினைத்துக்கொண்டோம்.

அன்று சாயங்காலம் மாமனார் பொட்டலத்தைச் சமையலறை வாசற்படிமேல் வைத்தார். இது சர்க்கார் பவுடர், எதையும் சுத்தம் பண்ணுமாம் என்றார். அவ்வளவுதான். அத்தனை நேரம் நடந்த கூட்டத்திலிருந்து அடுப்படிக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு வாக்கியம்.

முறைக்கு முந்தைய நாள் நான் தூரம். மாதத்தில் அந்த நாட்களில் வீட்டுக்குள் நடமாடக் கூடாது. கொல்லையில் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சார்ப்பு, அதில்தான் இருக்க வேண்டும். அக்கா சமையலறைக்குள் தனியாகப் பாத்திரம் தேய்த்தாள். பொங்கல் வைக்கிற கொப்பரை ஆள் உட்காரும் அளவுக்குப் பெரியது. அதை வெளியிலிருந்து தேய்க்க முடியாது, உள்ளே இறங்கி உட்கார்ந்துதான் தேய்க்க வேண்டும். அடியில் கறுப்பு ஏறியிருந்தது. பழம்புளியைக் கரைத்துப் பூசி, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை போலிருக்கிறது. எதையும் சுத்தம் பண்ணுகிற சர்க்கார் பவுடர் பக்கத்தில் இருந்தது. அள்ளி அந்தப் புளிமேல் கொட்டினாள். யாராக இருந்தாலும் கொட்டியிருப்பார்கள். நானும் கொட்டியிருப்பேன்.

முதலில் எனக்கு வாசனைதான் வந்தது. என் பிறந்த வீடு ஆர்.கே.பேட்டையில், நெசவுத் தெருவுக்குப் பின்னால். அங்கே நூல் வெளுக்கிற தொட்டியில் இந்தப் பவுடரைத்தான் போடுவார்கள். திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்று செய்வார்கள். அப்போதும் கண் எரியும், தொண்டையைப் பிடிக்கும். அந்த வாசனை எங்கள் சமையலறைக் கதவு இடுக்கிலிருந்து வந்தது, அதைவிடக் காட்டமாக. பிறகு இருமல் கேட்டது. அக்கா என்று கத்தினேன். பதிலுக்கு இருமல்தான் வந்தது. கொப்பரையைக் கையால் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்தக் குரல்காரி என்னைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை, தட்டினாள்.

நான் போட்ட கூச்சலில் மாமனார் கொல்லைக்கு வந்தார். பின்கதவைத் தள்ளிப் பார்த்தார், உள்ளே தாழ் போட்டிருந்தது.

"மாமா, கதவ ஒடைங்க. அக்கா மூச்சு விட முடியாம கெடக்குறாங்க."

"இரு. நான் குளிச்சுட்டு வரேன். இப்படியே போயி தொட்டா அல்லாம் போச்சு."

மெதுவாக ஒன்றும் போகவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். மனுஷன் ஓடினார். ஓடித்தான் போனார், கிணற்றுப் பக்கம். வாளி விழுகிற சத்தமும் ராட்டினம் கிறீச்சிடுகிற சத்தமும் கேட்டன.

உள்ளே தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. சார்ப்பில் பூண் போட்ட உலக்கை ஒன்று சாத்தியிருந்தது. அதை எடுத்துக் கதவில் இடித்தேன். என் உடம்பில் அவ்வளவு பலம் இருந்தது எனக்கே தெரியாது. தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. மாட்டுத் தொட்டித் தண்ணீரில் முந்தானையை நனைத்து மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். தரையோடு தரையாக மஞ்சளும் பச்சையுமாக ஏதோ மங்கலாக நின்றது. புகை என்றால் கூரைச் சந்தில் போயிருக்கும். இது கனமான காற்று, போக வழியில்லாமல் கொப்பரைக்குள் தேங்கி நின்றது. அதற்குள் அக்கா. விளிம்பில் தலை சாய்ந்திருந்தது, மூக்குத் துணி அப்படியே கட்டியபடி. தூக்க முடியவில்லை. கொப்பரையைக் கவிழ்த்து, தோளைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்து வந்தேன். படுக்க வைத்தால் இன்னும் திணறினாள். சுவரில் சாய்த்து உட்கார வைத்து, கண்ணிலும் முகத்திலும் தண்ணீரை ஊற்றினேன், கைகாலில் ஒட்டியிருந்ததையெல்லாம் கழுவினேன். யாரும் சொல்லித் தரவில்லை. பயத்தில் செய்தது.

மாமனார் சொட்டச் சொட்ட ஈர வேட்டியோடு வந்தார். முதலில் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு கவிழ்ந்து கிடந்த கொப்பரையைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் மருமகளைப் பார்த்தார். அந்த வரிசையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஜட்கா பிடித்து ஸ்டேஷனுக்குப் போய், ரயிலில் அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எதோடு எதைக் கலந்தாள் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். அந்தப் பவுடரோடு புளிப்பு எது சேர்ந்தாலும் விஷக்காற்று கிளம்பும், நெஞ்சுக்குள் வெந்துபோயிருக்கிறது, பிழைத்தாலும் பழைய மூச்சு வராது என்றார். மூத்தவர் மலையிலிருந்து இறங்கி வந்து அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டார். நான் வெளியே வந்து என் கணவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, அன்னிக்கு அந்த ஆபீசர் நம்ம வீட்ல இன்னாதான் சொன்னாரு?"

அவர் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டே, பாடம் ஒப்பிப்பதுபோல ஒன்றுவிடாமல் சொன்னார். புளி, எலுமிச்சை, திராவகம் எதோடும் சேர்க்கக் கூடாது. கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். கண் எரிந்தால் அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடிவர வேண்டும். பள்ளத்தில் நிற்காமல் மேட்டுக்குப் போக வேண்டும். உள்ளே போகிறவன் ஈரத் துணி கட்டிக்கொண்டு போக வேண்டும். கண்ணைத் தண்ணீரால் கழுவ வேண்டும். மூச்சு திணறுகிறவர்களைச் சாய்த்து உட்கார வைக்க வேண்டும். அடுப்படிக்கு வெளியே எப்போதும் தண்ணீர் நிரப்பி வைக்க வேண்டும்.

"இவ்ளோ தெரிஞ்சும் எங்களுக்கு ஏன் சொல்லல?"

"நைனா சொல்லுவாருன்னு இருந்துட்டேன். பொட்டலம் வந்துச்சில்ல?"

பொட்டலம் வந்தது. மறுக்க முடியாது. எனக்கு வந்த கோபத்தில் அந்த இடத்திலேயே ஏதாவது சொல்லியிருப்பேன். உள்ளே அக்கா மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது, அவளிடம் போய்விட்டேன்.

அக்கா பிழைத்தாள். வீடு திரும்பியபோது குரல் இல்லை. காற்றோடு கலந்த ஏதோ ஒன்று வரும், பக்கத்தில் காதைக் கொண்டுபோனால் புரியும். கிணற்றடிக்கு நடந்தால் நெஞ்சில் விசில் அடிக்கும். என் ரயில் வந்துடுச்சு என்று தானே கேலி செய்வாள். இப்போது மெதுவாகப் பேசும்மா என்று மாமனார் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

தெருவில் பேசியது வேறு. தூரமாக இருந்தவள் நைவேத்தியப் பாத்திரத்தைத் தொட்டுக் கவிழ்த்துவிட்டாள் என்பதுதான் அங்கே செய்தி. ஒருத்தி செத்துப் பிழைத்தது அதற்குள் ஒரு ஓரமாக இருந்தது. அந்த வருஷம் எங்கள் முறை பங்காளி வீட்டுக்குப் போய்விட்டது. மாமனார் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அவர் துக்கம் நிஜம்தான், அதில் சந்தேகமில்லை. முறைக்காகப் பட்ட துக்கம். என்னோடு அதற்குப் பிறகு நேராகப் பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் சுவரைப் பார்த்துச் சொல்வார், சுவர் எனக்குச் சொல்லும்.

ஒரு வருஷம் போயிற்று. ஆடி நெருங்கியது. இனிமேல் இப்படி நடக்கக் கூடாது என்று மாமனாரும் நினைத்தார், நானும் நினைத்தேன். இரண்டு பேரும் தனித்தனியாக முன்னேற்பாடு செய்தோம்.

என்னுடையது இது. அந்த வருஷம் வந்த ஆபீசர் வேறு ஆள், பொட்டலத்தைத் திண்ணை ஓரம் போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் அதை ஒரு டின்னில் அடைத்து, புளிப்பானை பக்கமே வராமல் சார்ப்பு விட்டத்தில் வைத்தேன். பின்கதவுக்கு வெளியே இரண்டு தவலைத் தண்ணீர், பக்கத்தில் கிழிந்த வேட்டித் துணிகள். உலக்கையைக் கதவு நிலையிலேயே சாத்தி வைத்தேன். கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் அடித்திருந்தார்கள், பழையதைவிடக் கனமாக; அதைக் கழற்றிவிடுங்கள் என்று கணவரிடம் கேட்டேன். ஆங், பாக்கலாம் என்றார். மூத்தவர், இவளுக்கு விறகுப் புகையே ஆகாது, இந்த வருஷமும் பங்காளி வீட்டுக்கே விட்டுவிடலாம் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தார். ஒருமுறை போனது போதாதா, இன்னொருமுறை விட்டால் முறையே போய்விடும் என்று மாமனார் சொல்லிவிட்டார்.

மாமனாருடைய முன்னேற்பாடு இன்னும் சுருக்கம். என்னை ஊருக்கு அனுப்பினார். ஆடி பிறந்ததும் பிறந்த வீட்டுக்குப் போய்விடட்டும், முறை முடிந்து வரட்டும் என்று சுவரிடம் சொன்னார். பஸ் ஏறப் போனபோது எதிர் வீட்டம்மா, ஆடிக்கு அழைச்சிக்கினு போறாங்களா, நீ இன்னா புதுப்பொண்ணா என்று சிரித்தாள். அக்காவும் சிரித்தாள், சத்தம் வரவில்லை. கதவைத் தாழ் போடாதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். இந்த தபா வெறும் புளிதான், பயப்படாதே என்று என் காதுக்குள் சொன்னாள். தாழ்ப்பாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் நல்ல மருமகள்.

முறை முடிந்த மறுநாள் என் கணவர் ஆர்.கே.பேட்டைக்கு வந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். உள்ளே வாருங்கள் என்று என் அம்மா கூப்பிட்டதற்கு, தீட்டு என்றார். எனக்குத் தெரிந்துவிட்டது.

பஸ்ஸில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஆடித் தூறலில் விறகு நனைந்திருந்ததாம். புகை. ஜன்னலில் பலகை. உள்ளே இருமல் கேட்டுக்கொண்டே இருந்ததாம், ஆனால் இருமல்தான் அவளுக்கு எப்போதும் இருக்கிறதே என்று இருந்துவிட்டார்களாம். நின்ற பிறகுதான் பயந்தார்களாம். அதற்குள் பொங்கலும் புளியோதரையும் இறக்கியாகிவிட்டது. அவளை வெளியே கொண்டுவந்து படுக்க வைத்தபோது மூச்சு இருந்தது. அரக்கோணத்துக்குக் கொண்டுபோகலாம் என்று மூத்தவர் துடித்திருக்கிறார். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் தீட்டாகிவிடும், நைவேத்தியம் போகட்டும், பிறகு போகலாம் என்று மாமனார் நிறுத்தி வைத்தார். நைவேத்தியம் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் உயிர் போயிற்று. முறை தப்பாமல் பார்த்துக்கொண்டாள், புண்ணியவதி என்று மாமனார் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

கே.ஜி.கண்டிகையில் பஸ் நின்றது. யாரோ ஏறினார்கள், யாரோ இறங்கினார்கள். நான் அழவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது இன்னும் கொஞ்சம் இருந்தது.

"கதவ எப்படித் தெறந்தீங்க? உலக்கை அங்கியே வெச்சுட்டு வந்தேனே."

"அத நைனா எடுத்து உள்ள பூட்டி வெச்சுட்டாரு. நீ போன அன்னிக்கே."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"கதவாண்டதான் நின்னுகினு இருந்தேன்."

"அப்புறம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் கிளம்பியது. பிறகு நானே கேட்டேன்.

"கெணத்துல ராட்டினம் சத்தம் கேட்டுச்சா?"

"ஆங்" என்றார்.